கணினிக் கேள்வி பதில்: நீர் குளிர்வித்தலும் நமது கரையோரத்து வெக்கையும்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில், தாமே கூட்டி அமைத்த நீர் குளிர்விப்புக் கணினிகள் எதிர்பார்த்த அளவு குளிரவில்லை என்ற முறைப்பாடு திரும்பத் திரும்ப வந்திருப்பதால், இம்முறை பக்கம் முழுவதையும் அந்த ஒரே விடயத்துக்கு ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, விளையாட்டுக்கென்று ஒரு கணினியை நானே பொருத்தியிருக்கிறேன். ரைசன் 7 5800எக்ஸ் புரொசசர், ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்ட், இரண்டுக்கும் வாட்டர் பிளொக் (சூட்டை வாங்கத் தண்ணீர் ஊடாக ஓடும் உலோகக் கட்டை), தண்ணீரைச் சுற்ற விடும் டி5 பம்ப், மேற்புறத்தில் 360 மி.மீ. ரேடியேற்றர், முன்புறத்தில் 240 மி.மீ. ரேடியேற்றர் ஆகியவை உள்ளன. முன் விசிறிகள் இரண்டும் காற்றை உள்ளே இழுக்கின்றன. மேல் விசிறிகள் மூன்றும் பின் விசிறி ஒன்றும் வெளியே தள்ளுகின்றன. கேசிங்கின் முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. ஒரு மணி நேரம் விளையாடிய பின் தண்ணீர் 51 பாகை செல்சியஸ், கிராபிக்ஸ் கார்ட் 66, புரொசசர் 84 என்று காட்டுகிறது. அறையின் வெப்பநிலை 32. விசிறிகளின் இரைச்சலும் தாங்க முடியவில்லை. கனடாவில் இருக்கும் என் மச்சானும் ஏறக்குறைய இதே பொருட்களைத்தான் வைத்திருக்கிறார். அவருடைய அறை 21 பாகை, தண்ணீர் 33ஐத் தாண்டுவதில்லை என்கிறார். தடித்த ரேடியேற்றர் ஒன்றை மேலதிகமாக வாங்கிப் பூட்டலாமா?
— வாசகர், கல்லடி

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். உங்கள் கேள்விக்கான விடை நீங்கள் தந்த எண்களிலேயே பெரும்பாலும் இருக்கிறது. அறையின் வெப்பநிலையையும் தண்ணீரின் வெப்பநிலையையும் சேர்த்து எழுதியதற்காக உங்களைப் பாராட்ட வேண்டும், ஏனெனில் பெரும்பாலானோர் புரொசசரின் வெப்பநிலையை மட்டும் எழுதிவிட்டுத் தீர்வு கேட்கிறார்கள்.

சிலிக்கனில் பிறக்கும் வெப்பம் முதலில் பிளொக் வழியாகத் தண்ணீருக்கும், தண்ணீரிலிருந்து ரேடியேற்றர் வழியாகக் காற்றுக்கும், அந்தக் காற்றோடு அறைக்கும், அறையிலிருந்து வெளிக்கும் போகிறது. இந்தப் படிகள் ஒவ்வொன்றிலும் ஒரு வெப்பநிலை வேறுபாடு இருக்கும்; எந்தப் படியில் வேறுபாடு அளவுக்கு மீறி இருக்கிறதோ அங்கேதான் வெப்பம் தேங்குகிறது. உங்கள் கிராபிக்ஸ் கார்டுக்கும் தண்ணீருக்கும் இடையில் 15 பாகை வேறுபாடு. 320 வாற்று வரை உறிஞ்சும் ஒரு கார்டுக்கு இது நல்ல அளவு, ஆகவே அந்த பிளொக்கைக் கழற்ற வேண்டிய தேவையில்லை. புரொசசருக்கும் தண்ணீருக்கும் இடையில் 33 பாகை என்பது பெரிதாகத் தோன்றலாம். ஆனால் 5800எக்ஸில் எட்டு கோர்களும் ஏறத்தாழ 80 சதுர மில்லிமீற்றர் பரப்புள்ள ஒற்றைச் சிலிக்கன் துண்டில் நெருங்கி இருப்பதால், அந்தச் சிறிய இடத்திலிருந்து வெப்பத்தை வெளியே எடுப்பது இயல்பிலேயே கடினம். எத்தனை ரேடியேற்றர் பூட்டினாலும் அந்த வேறுபாடு குறையாது. மிஞ்சுவது தண்ணீருக்கும் அறைக்கும் இடையிலுள்ள 19 பாகை. நன்றாக அமைந்த ஒரு நீர்ச் சுற்றில் இது 10 பாகையளவில் இருக்கும், 15 வரை பொறுத்துக்கொள்ளலாம். குறை இங்கேதான் இருக்கிறது.

இனி உங்கள் மச்சானின் கணினியோடு ஒப்பிடுவோம். இருவரின் தண்ணீருக்கும் இடையே 18 பாகை வித்தியாசம் இருக்கிறது. அதில் 11 பாகை உங்கள் இருவரின் அறைகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம். அறையிலுள்ள காற்றை விடத் தண்ணீரைக் குளிர வைக்க எந்த ரேடியேற்றராலும் முடியாது என்பதால், அந்த 11ஐ நினைத்துக் கவலைப்படுவதில் பயனில்லை. மீதமுள்ள 7 பாகைதான் உங்கள் கையில் இருக்கிறது. அதை மீட்பது அவசியமும்கூட: டி5 பம்ப்புகளுக்குத் தயாரிப்பாளர்கள் விதிக்கும் நீர் வெப்பநிலை எல்லை 60 பாகை, பெட்ஜி என்ற பிளாஸ்டிக் வகைக் கடினக் குழாய்களும் அந்த எல்லையை நெருங்கும்போது இளகத் தொடங்கும். ஆனி, ஆடி மாதங்களில் மலைநாட்டைக் கடந்து இறங்கி வரும் கச்சான் காற்று உங்கள் அறையை 36 பாகைக்குக் கொண்டுபோனால், இன்றைய நிலையில் உங்கள் தண்ணீர் 55ஐத் தொடும்.

மொத்தம் 600 மி.மீ. ரேடியேற்றர், கார்டும் புரொசசரும் சேர்ந்து தரும் 400 வாற்று அளவான வெப்பத்துக்குத் தாராளமாகப் போதும். போதாமல் இருப்பது அதன் ஊடாகப் போகும் காற்று. ஒரு கன மீற்றர் காற்று ஒரு பாகை சூடேற நம் ஊர் வெப்பநிலையில் ஏறத்தாழ 1,170 யூல் சக்தி தேவை. 400 வாற்றை 6 பாகை ஏற்றத்தோடு வெளியே கொண்டுபோக வேண்டுமானால் நிமிடத்துக்கு 3.4 கன மீற்றர் காற்று கேசிங்குக்குள் நுழைந்து வெளியேற வேண்டும். விசிறியின் பெட்டியில் நிமிடத்துக்கு 60 கன அடி என்று அச்சிட்டிருந்தால், உங்கள் முன் விசிறிகள் இரண்டும் சேர்ந்து சரியாக அந்த 3.4 கன மீற்றரைத் தருவதாகத் தோன்றும். ஆனால் அந்த அளவு முன்னும் பின்னும் எந்தத் தடையும் இல்லாத திறந்த வெளியில் எடுக்கப்பட்டது. முன்னே கண்ணாடியும் பின்னே ரேடியேற்றரின் நெருங்கிய இதழ்களும் இருக்கும்போது அதில் பாதி கிடைத்தாலே பெரிது. உள்ளே வரும் அந்தக் குறைந்த காற்றும் முன் ரேடியேற்றரில் சூடேறிய பிறகுதான் மேல் ரேடியேற்றருக்குப் போய்ச் சேருகிறது. ஆகவே உங்களிடமுள்ளவற்றில் பெரிய ரேடியேற்றர் எப்போதும் பழைய சூட்டுக் காற்றையே சுவாசித்துக்கொண்டிருக்கிறது.

இதை உறுதிப்படுத்த ஒரு சதமும் செலவில்லை. வழமைபோல ஒரு மணி நேரம் விளையாடித் தண்ணீரின் வெப்பநிலை அசையாமல் நின்ற பிறகு, முன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, விளையாட்டை நிறுத்தாமல் இன்னும் அரை மணி நேரம் தொடருங்கள். தண்ணீருக்குப் பெரிய வெப்பக் கொள்ளளவு இருப்பதால் உடனே இறங்காது, பொறுமை வேண்டும். 4 பாகைக்கு மேல் இறங்கினால் கண்ணாடிதான் காரணம் என்று முடிவு கட்டலாம். துளையிட்ட வலைத் தகடு கொண்ட முன்பக்கத்துக்கு மாறுங்கள், அல்லது கண்ணாடியையும் கேசிங்கையும் பிரிக்கும் இடைவெளியை நீளமான திருகுகள் கொண்டு இரண்டு சென்ரிமீற்றராவது கூட்டுங்கள்.

கழற்றியும் பெரிதாக இறங்கவில்லையென்றால் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, தணல் குழாய்களுக்கும் வயர்களுக்கும் கிட்டப் போகாதபடி பிடித்து, புகை போகும் வழியைப் பாருங்கள். முதலில் மேற்புறத்தில் பிடியுங்கள். புகை நேராக மேலே எழாமல், மேசையின் பலகையில் முட்டித் திரும்பி, முன்பக்கமாக வழிந்து மீண்டும் உள்ளே இழுபடுவதைக் கண்ணால் காணலாம். இங்குள்ள கணினி மேசைகளில் கணினிப் பெட்டியை வைப்பதற்கென்று மூன்று பக்கமும் அடைத்த ஒரு கூடு வைத்துத்தான் செய்கிறார்கள், அதற்குள் இறக்கிய கணினி தன் சூட்டையே தான் குடிக்கும். பிறகு ரேடியேற்றருக்கும் கேசிங்குக்கும் இடையிலுள்ள ஓரங்களில் பிடியுங்கள். அங்கே புகை உள்ளே உறிஞ்சப்பட்டால், காற்று ரேடியேற்றரின் இதழ்களுக்கு ஊடாகப் போகாமல் ஓரத்தால் குறுக்கு வழியில் போகிறது என்று பொருள். மெல்லிய ஃபோம் பட்டி ஒட்டி அந்த இடைவெளியை மூடிவிடலாம்.

காற்றின் திசையைப் பொறுத்தவரை, பின் விசிறியைத் திருப்பிப் பூட்டி, அதையும் உள்ளே இழுக்கச் செய்யுங்கள். அப்போது மேல் ரேடியேற்றரின் பின்பாதிக்கு அறைக் காற்று நேரடியாகக் கிடைக்கும்; உள்ளே மூன்று, வெளியே மூன்று என்று விசிறிகளின் எண்ணிக்கையும் சமப்படும். மேல் ரேடியேற்றரையும் உள்ளிழுக்கச் செய்து பின் விசிறியை மட்டும் வெளியேற்ற விடும் முறையும் உண்டு. தண்ணீரின் வெப்பநிலையை அதிகம் குறைப்பது பெரும்பாலும் அதுதான். ஆனால் அந்த முறையில் இரண்டு ரேடியேற்றர்களின் சூடும் கேசிங்குக்குள்ளேயே கொட்டப்படுவதால், நீர் போகாத உறுப்புகளான ராம், எம்.2 எஸ்எஸ்டி, மதர்போர்டின் மின்வழங்கற் பகுதி ஆகியவை வேகும். அறையே 32 பாகையில் இருக்கும் ஊரில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இரைச்சலுக்கு வேறு காரணம் இருக்கிறது. உங்கள் விசிறிகள் புரொசசரின் வெப்பநிலையைப் பார்த்து ஓடும்படி இருக்கக்கூடும். புரொசசர் ஒரு நொடியில் 20 பாகை ஏறி இறங்கும். தண்ணீர் அப்படி அசையாது. மதர்போர்டில் வெப்ப உணரிக்கான இரண்டு ஊசி இணைப்பு இருந்தால், பயோஸில் (மதர்போர்டின் அமைப்புப் பக்கத்தில்) விசிறிகளைத் தண்ணீரின் வெப்பநிலைக்குக் கட்டுங்கள். இங்கே ஒரு கவனம் தேவை: குளிர் நாட்டவர்கள் தரும் அட்டவணைகளில் தண்ணீர் 35 பாகையில் முழு வேகம் என்று இருக்கும், அதை அப்படியே எடுத்தால் கல்லடியில் உங்கள் விசிறிகள் கணினியைப் போட்ட நேரம் முதல் நிறுத்தும் வரை முழு வேகத்திலேயே ஓடும். 37 பாகை வரை 40 விழுக்காடு, 42இல் 60, 47இல் 85 என்ற அளவில் தொடங்கி உங்கள் காதுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளுங்கள். ஒரு விசிறியின் வேகத்தை இரட்டித்தால் காற்று ஏறத்தாழ இரட்டிக்கும். சத்தமோ 15 டெசிபல் அளவில் கூடும்.

கடைசியாக அறை. இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பத்தடிக்குப் பத்தடி, ஒன்பதடி உயரமான ஓர் அறையிலுள்ள காற்று முழுவதையும் 400 வாற்று கொண்டு சூடேற்றினால், சுவரும் நிலமும் எதையும் உறிஞ்சாது என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 0.8 பாகை ஏறும். சுவரும் நிலமும் உறிஞ்சுவதால்தான் நிலைமை அவ்வளவு மோசமாவதில்லை. ஆனால் பகல் முழுவதும் வெயில் குடித்த சீற் கூரையும் சுவரும் மாலையில் உறிஞ்சுவதற்குப் பதிலாகத் திருப்பிக் கொடுக்கின்றன. கதவைச் சாத்திக்கொண்டு இரவு எட்டு மணிக்கு விளையாடும்போது சுவர் வெப்பமானி 32 காட்டினாலும், மேசைக்குக் கீழே கணினி இழுக்கும் காற்று 35 ஆக இருக்கலாம். வெப்பமானியை முன் விசிறியின் வாயிலில் வைத்து அளந்து பாருங்கள். கணினியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து, ஒரு யன்னலால் காற்று வந்து எதிர்ப்புறத்துக் கதவால் போகும்படி ஒரு நிற்கும் மின்விசிறியை வாசலில் வெளிப்புறம் நோக்கி வைத்தால், அறையின் சூடு வெளியேறும். இவை எல்லாவற்றோடும், கிராபிக்ஸ் கார்டின் மின் எல்லையை 80 விழுக்காட்டுக்குக் குறைத்துப் பாருங்கள். விளையாட்டின் வேகத்தில் சில விழுக்காடு மட்டுமே குறையும், ஆனால் பிறக்கும் வெப்பம் 60 வாற்றுக்கும் அதிகமாகக் குறைந்துவிடும்.

கேள்வி: தண்ணீர் புரொசசரைக் கடந்த பிறகு கிராபிக்ஸ் கார்டுக்குப் போவதால், கார்டுக்குச் சூட்டுத் தண்ணீர்தானே கிடைக்கிறது? இரண்டுக்கும் நடுவில் ஒரு ரேடியேற்றர் வரும்படி குழாய்களை மாற்ற வேண்டுமா?
— வாசகர், காத்தான்குடி

பதில்: தேவையில்லை. ஒரு கிராம் தண்ணீர் ஒரு பாகை சூடேற 4.18 யூல் வேண்டும். சுற்றில் நிமிடத்துக்கு 4 லீற்றர் ஓடுமானால், 400 வாற்று முழுவதையும் வாங்கிக்கொண்ட பின்னும் தண்ணீர் ஏறுவது 1.4 பாகை மட்டுமே. அதே தண்ணீர் நிமிடத்துக்குப் பல தடவை சுற்றி வருவதால், சுற்றின் எந்த இடத்தில் அளந்தாலும் வெப்பநிலை கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். குழாய் குறுகியதாகவும் வளைவுகள் குறைந்ததாகவும் எந்த ஒழுங்கில் போட முடிகிறதோ அந்த ஒழுங்கில் போடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது: தண்ணீர்த் தாங்கி பம்ப்புக்கு மேலே, அதற்கு நேரடியாக நீர் ஊட்டும்படி இருக்க வேண்டும். பம்ப் ஒருபோதும் வெறுமையாக ஓடலாகாது.

கேள்வி: எங்கள் வீட்டில் மீன் வியாபாரம் என்பதால் ஐஸுக்குக் குறைவில்லை. ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் நிரப்பி, அதற்குள் குழாயைச் சுருட்டி வைத்துத் தண்ணீரை ஓட விட்டால் என்ன? அல்லது கணினியை ஏசி அறைக்கு மாற்றுவது நல்லதா? அங்கே உள்ளே வியர்த்துவிடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள்.
— வாசகர், கல்முனை

பதில்: உங்கள் நண்பர்களின் பயம் ஐஸ் பெட்டிக்குத்தான் பொருந்தும், ஏசி அறைக்குப் பொருந்தாது.

கல்முனைக் கரையில் காற்று 30 பாகையிலும் சாரீரப்பதன் 75 விழுக்காட்டிலும் இருக்கும் ஒரு சாதாரண இரவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றின் பனிபடுநிலை ஏறத்தாழ 25 பாகை. அதாவது 25 பாகைக்குக் கீழே இறங்கிய எந்தப் பரப்பிலும் காற்றிலுள்ள நீராவி துளியாகப் படியும். ஐஸில் சுற்றி வரும் தண்ணீர் 10, 12 பாகையில் பிளொக்குக்குள் நுழைந்தால், பிளொக்கின் வெளிப்புறம், குழாய்களின் மூட்டுகள், மதர்போர்டில் புரொசசரைச் சூழ்ந்துள்ள இடம் எல்லாம் நனையும். சுற்றில் ஒரு சொட்டும் ஒழுகாமலே கணினி தண்ணீர் பட்டுப் பழுதாகும். அந்த ஆபத்தைத் தள்ளி வைத்தாலும் கணக்குக் கட்டுப்படியாகாது. 400 வாற்று வெப்பத்தை ஐஸ் கொண்டு மட்டும் எடுக்க வேண்டுமானால் மணிக்கு 3 கிலோவுக்கு மேல் ஐஸ் உருகும். அந்த ஐஸ் மீனுக்கே பயன்படட்டும்.

ஏசி அறையில் எல்லாமே ஒன்றாகக் குளிர்கின்றன. சுற்றிலுள்ள தண்ணீர் எப்போதும் அறைக் காற்றை விடச் சூடாகவே இருப்பதால் வியர்க்க வழியில்லை. ஏசி காற்றிலுள்ள ஈரத்தையும் வாங்கிவிடுகிறது. 9,000 பீடியூ ஏசி ஒன்று எடுக்கக்கூடிய வெப்பத்தில் இப்படியான கணினி ஒன்றின் 400 வாற்று ஏறத்தாழ 15 விழுக்காடு. கவனிக்க வேண்டியது ஒன்று: நன்றாகக் குளிர்ந்த கணினியை ஓடாத நிலையில் சட்டென்று வெளி அறைக்குத் தூக்கிப் போனால் அப்போது வியர்க்கும். அப்படி மாற்ற நேர்ந்தால் சில மணி நேரம் சும்மா விட்டுப் பிறகு போடுங்கள்.

கேள்வி: வாப்பாவின் கராஜில் வாகன ரேடியேற்றருக்கு ஊற்றும் பச்சைக் கூலன்ற் கிடக்கிறது. அதைக் கணினிக்கு ஊற்றலாமா? இல்லாவிட்டால் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை வடிகட்டி ஊற்றினால் போதுமா? என் ரேடியேற்றர் விலை குறைவானது, ஒன்லைனில் வாங்கியது.
— வாசகர், சம்மாந்துறை

பதில்: கூலன்றை விட அவசரமான விடயம் உங்கள் கேள்வியின் கடைசி வரியில் இருக்கிறது. விலை குறைந்த ரேடியேற்றர்கள் பல அலுமினியத்தால் செய்யப்பட்டவை. பிளொக்குகளின் அடித்தட்டு செம்பு. இந்த இரண்டு உலோகங்களும் ஒரே நீரில் தொடர்புற்று இருந்தால் அது ஒரு மின்கலமாகவே தொழிற்படும். அலுமினியம் தின்னப்பட்டு, அதன் வெண்ணிறக் கழிவு பிளொக்கின் நுண்ணிய வாய்க்கால்களை அடைக்கும், நாளடைவில் ரேடியேற்றர் பொத்து ஒழுகும். ரேடியேற்றரின் விபரக் குறிப்பில் செம்பு அல்லது பித்தளை என்று தெளிவாக எழுதியிராவிட்டால், அதைச் செம்பு பிளொக்குகளோடு சேர்க்க வேண்டாம். வாப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், கூலன்ற் மாற்றாமல் ஓடிய எஞ்சின்களில் அலுமினியத்துக்கு என்ன நேர்கிறது என்று அவர் நேரில் பார்த்திருப்பார்.

வாகனக் கூலன்றில் அரிப்பைத் தடுக்கும் சேர்மானங்கள் இருப்பது உண்மை. ஆயினும் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. அதிலுள்ள எதிலீன் கிளைக்கோல் தண்ணீரை விடப் பிசுபிசுப்பானது, வெப்பத்தை ஏந்தும் திறனும் தண்ணீரை விடக் குறைவு; எல்லாவற்றுக்கும் மேலாக அது நஞ்சு, இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. படுக்கையறையில், சின்னப் பிள்ளைகளும் பூனையும் நடமாடும் இடத்தில், ஒரு மூட்டு ஒழுகினால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். எஞ்சின் உறைபனியில் வெடிக்காமல் காக்கவே அந்தத் திரவம் பிறந்தது. அம்பாறை மாவட்டத்தில் அந்தத் தேவை எழப்போவதில்லை.

கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வேண்டாம். கல்சியம், குளோரைட்டு உப்புகள் துணியில் வடிபடுவதில்லை. பிளொக்கில் படிந்து வெப்பத்தைத் தடுக்கும், உலோகத்தையும் அரிக்கும். போத்தல் குடிநீரும் அப்படித்தான். காய்ச்சி வடித்த நீரை, அதாவது பற்றரிக்கு ஊற்றுவதற்கென்று விற்கும் தண்ணீரில் காய்ச்சி வடித்தது என்று தெளிவாகக் குறிப்பிட்டிருப்பதைப் பார்த்து வாங்கி, கணினிச் சுற்றுக்கென்றே விற்கப்படும் அரிப்புத் தடுப்பும் பாசித் தடுப்பும் கொண்ட செறிவுத் திரவத்தை அதன் குறிப்பில் உள்ள அளவுப்படி கலந்து ஊற்றுங்கள். பற்றரி அமிலமும் அதே கடைகளில் அதே போன்ற போத்தலில் இருக்கும் என்பதால் லேபலை இரண்டு தடவை வாசியுங்கள். வெறும் வடித்த நீரை மட்டும் ஊற்றிவிட்டு இருந்தால், நம் வெக்கைக்கும் கேசிங்கின் விளக்கு வெளிச்சத்துக்கும் பாசி பிடித்துவிடும். பால் போன்ற அல்லது மினுமினுக்கும் நிறத் திரவங்களை வாங்காதீர்கள். அவற்றின் துகள்கள் நாளடைவில் பிளொக்கில் வண்டலாகிவிடும். வருடத்துக்கு ஒரு தடவை திரவத்தை மாற்றினால் போதும்.

கேள்வி: கடலிலிருந்து எங்கள் வீடு கூப்பிடு தூரம். நான்கு, ஐந்து மாதத்துக்கொரு முறை வெப்பநிலை ஏறிவிடுகிறது. விசிறிகளைத் துடைத்தும் பயன் இல்லை. உப்புக் காற்றால் ரேடியேற்றர் கெடுமா?
— வாசகி, வாழைச்சேனை

பதில்: விசிறியைத் துடைத்தால் போதாது, அழுக்கு விசிறியில் இல்லை, விசிறிக்கும் ரேடியேற்றருக்கும் நடுவில் இருக்கிறது. கணினியை நிறுத்தி, மின் வயரைக் கழற்றிவிட்டு, விசிறியை ரேடியேற்றரிலிருந்து பிரித்து, ஒரு டோர்ச்சை மறுபக்கத்திலிருந்து அடித்துப் பாருங்கள். சுத்தமான ரேடியேற்றரில் இதழ்களுக்கு இடையால் வெளிச்சம் கோடு கோடாகத் தெரியும். உங்களுடையதில் காற்று நுழையும் பக்கத்தில் சாம்பல் நிறத்தில், விரல் நுனியால் சுருட்டி எடுக்கக்கூடிய ஒரு விரிப்பு படிந்திருக்கும். உள்நாட்டுப் பகுதிகளில் இது உதிரித் தூசாக இருக்கும், ஊதினால் பறக்கும். கடற்கரையில் அப்படியில்லை. உப்பு, சாரீரப்பதன் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து நீர்ப்படலமாகிவிடும்; நம் கரையில் இரவுகளில் ஈரப்பதன் அதைத் தாண்டுவது வழமை. அந்த ஈரத்தில் தூசு ஒட்டி, பகலில் காய்ந்து, மறுநாள் இரவு மீண்டும் நனைந்து இறுகிப் போகிறது. அதனால்தான் வெறுமனே ஊதிப் பயனில்லை.

மிருதுவான தூரிகையால், இதழ்கள் ஓடும் திசையிலேயே, அழுத்தாமல் வருடி விரிப்பைக் கிளப்புங்கள். இதழ்கள் கடதாசி போல மெல்லியவை, குறுக்கே இழுத்தால் மடங்கிவிடும். பிறகு காற்று வெளியேறும் பக்கத்திலிருந்து நுழையும் பக்கம் நோக்கி புளோவரால் ஊதுங்கள். விசிறிகளை ஊதும்போது விசிறியின் இதழைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். அது கட்டுப்பாடின்றிச் சுழன்றால் விசிறியின் அச்சுத் தாங்கி (பெயரிங்) பழுதாகும். ரேடியேற்றரின் வெளிப்புறப் பூச்சு உரிந்து பச்சை நிறம் தெரியும் இடங்கள் உண்டா என்றும் பாருங்கள். செம்பு இதழ்களை உப்பு மெதுவாகவே அரிக்கும், பூச்சு உள்ளவரை கவலையில்லை. எனக்கு அதிகம் கவலை தருவது மதர்போர்ட்தான். ஈரமான உப்புப் படலம் மின்சாரத்தைக் கடத்தும், ராம், கிராபிக்ஸ் கார்ட் ஆகியவற்றின் தொடுமுனைகளை அரிக்கும். ஆகவே வெக்கைக்குப் பயந்து கேசிங்கின் பக்கக் கதவைக் கழற்றி வைத்துவிட்டு விளையாடும் பழக்கம் உங்கள் ஊருக்கு ஏற்றதல்ல.

உள்ளே இழுக்கும் காற்று வெளியே தள்ளும் காற்றை விடச் சற்று அதிகமாக இருக்கட்டும். அப்போது கேசிங்கின் ஒவ்வொரு வெடிப்பாலும் காற்று வெளியேறுமே தவிர, தூசு அவ்வழியால் உள்ளே வராது. உள்ளிழுக்கும் விசிறிகள் அனைத்துக்கும் கழற்றிக் கழுவக்கூடிய வலை வடிகட்டி போட்டு, இரண்டு கிழமைக்கொரு தடவை நல்ல தண்ணீரில் அலசி, முற்றாகக் காய்ந்த பிறகு பூட்டுங்கள். கணினி கடல் பார்த்த யன்னலுக்கு நேரே இருக்கக் கூடாது. அறையின் உட்சுவர்ப் பக்கம் மாற்றுங்கள். மாரியில், வாடைக் காற்றோடு கடற்சாரல் வீட்டுக்குள் வரும் மாதங்களில், கணினியைப் பல நாட்கள் போடாமல் வைப்பதை விட, தினமும் சிறிது நேரம் ஓட விடுவது நல்லது. உள்ளிருக்கும் மெல்லிய சூடு ஈரத்தை விலக்கி வைக்கும்.

கேள்வி: என்னிடம் 65 வாற்று புரொசசரும் நடுத்தரமான கிராபிக்ஸ் கார்டும் இருக்கின்றன. இப்போது காற்றுக் குளிர்விப்பு. வெக்கை அதிகமாக இருப்பதால் நீர் குளிர்விப்புக்கு மாறப் பணம் சேர்த்து வருகிறேன். எதிலிருந்து தொடங்கலாம்?
— வாசகர், திருக்கோவில்

பதில்: தம்பி, பணத்தைச் சேர்ப்பதைத் தொடருங்கள், ஆனால் இதற்காக அல்ல. தண்ணீர் வெப்பத்தை அழிப்பதில்லை, பெரிய ரேடியேற்றர் இருக்கும் இடத்துக்கு எடுத்துப் போகிறது, அவ்வளவுதான்; இறுதியில் அதை வாங்கிக்கொள்வது அதே அறைக் காற்றுத்தான். 65 வாற்று புரொசசருக்கு இரட்டைக் கோபுரக் காற்றுக் குளிர்விப்பான் ஒன்று தரும் வெப்பநிலைக்கும் முழு நீர்ச் சுற்று தரும் வெப்பநிலைக்கும் இடையில் உங்கள் விளையாட்டில் தெரியக்கூடிய வித்தியாசம் இராது. பம்ப், பிளொக், ரேடியேற்றர், மூட்டுகள் என்று போகும் செலவில் ஒரு பகுதியைக் கொண்டே வலை முன்பக்கம் உள்ள கேசிங்கும் 140 மி.மீ. விசிறிகள் மூன்றும் வாங்கி, இரண்டை முன்னே உள்ளிழுக்கவும் ஒன்றைப் பின்னே வெளியேற்றவும் பூட்டலாம். புரொசசருக்கும் குளிர்விப்பானுக்கும் இடையில் பூசும் தேர்மல் பேஸ்ட் போட்டு வருடக்கணக்காகியிருந்தால் அதையும் புதுப்பித்துவிடுங்கள். 300 வாற்றுக்கு மேல் உறிஞ்சும் கார்ட் ஒன்று கைக்கு வந்தால், அறை வெப்பநிலை, கேசிங்கின் உள்வெப்பநிலை, கார்டின் வெப்பநிலை மூன்றையும் ஒரே நேரத்தில் அளந்து எழுதி அனுப்புங்கள். எது வாங்கலாம் என்று அந்த எண்களை வைத்துச் சொல்கிறேன்.